உயர் பிரிதிறன் கைக்கணினித் திரைகளும் செயலிகளும்

உயர் பிரிதிறன் திரை என்பது, வழக்கமாகப் படிக்கும் தொலைவிலிருந்து பார்க்கும்போது தனித்தனிப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் படப்புள்ளிகள் நெருக்கமாக அமைந்த திரையாகும். டேப்லெட் எனப்படும் கைக்கணினிகளில் இத்தகைய திரையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது, 2012 மார்ச் மாதம் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் தலைமுறை ஐபேட் ஆகும். அதே ஆண்டு நவம்பரில் கூகுளும் சாம்சங்கும் இணைந்து உருவாக்கிய நெக்சஸ் 10 விற்பனைக்கு வந்தது.

திரை வந்த அன்றே அதை முழுமையாகப் பயன்படுத்தும் செயலிகள் வந்துவிடவில்லை. எழுத்துகள் உடனே தெளிவு பெற்றன. படங்கள் தெளிவு பெறப் பல மாதங்கள் ஆயின. பெரிய திரைக்கு ஏற்ற பக்க அமைப்போ, புகழ்பெற்ற சில செயலிகளில் பத்தாண்டுகள் கடந்த பின்னரே வந்தது. இந்தக் கால இடைவெளிக்கான காரணங்களையும், அதன் செலவு யார் மீது விழுந்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பிரிதிறனும் அடர்த்தியும்

திரையில் தெரியும் எழுத்தும் படமும் பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளால் ஆனவை. திரையின் அகலத்தில் எத்தனை புள்ளிகள், உயரத்தில் எத்தனை புள்ளிகள் என்பது பிரிதிறன் ஆகும். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகள் அடங்கியுள்ளன என்பது அடர்த்தி ஆகும். இவ்விரண்டும் ஒன்றல்ல. எடுத்துக்காட்டாக, 1024×768 என்ற அதே பிரிதிறன் 9.7 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 132 புள்ளிகளையும், 7.9 அங்குலத் திரையில் 163 புள்ளிகளையும் தரும்.

அடர்த்தியின் பயனைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டே விளக்கலாம். 'ன' என்ற எழுத்தில் இரண்டு சுழிகளும் 'ண' என்ற எழுத்தில் மூன்று சுழிகளும் உள்ளன. அடர்த்தி குறைந்த திரையில் எழுத்தைச் சிறிதாக்கினால் சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபட்டு, இரண்டு எழுத்துகளும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். புள்ளிகள் நெருக்கமாக உள்ள திரையில் இதே எழுத்துகள் அச்சுப் புத்தகத்தில் உள்ளதுபோலப் பிரிந்து தெரியும்.

எவ்வளவு அடர்த்தி போதும் என்பது, திரையைக் கண்ணிலிருந்து எவ்வளவு தொலைவில் வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு கோண அளவுள்ள நுணுக்கத்தை இயல்பான கண் பிரித்தறியும் என்பது பார்வைச் சோதனைகளில் கொள்ளப்படும் அளவுகோல். இதன்படி கணக்கிட்டால், 10 அங்குலத் தொலைவில் பிடிக்கும் கைப்பேசிக்கு அங்குலத்துக்குச் சுமார் 340 புள்ளிகளும், 15 அங்குலத் தொலைவில் பிடிக்கும் கைக்கணினிக்குச் சுமார் 230 புள்ளிகளும் போதுமானவை.

முன்னோடி: ஐபிஎம் டி220

திரை முந்திக்கொள்வதும் மென்பொருள் பின்தங்குவதும் கைக்கணினியில் தொடங்கிய சிக்கல் அன்று. 2001ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் டி220 என்ற மேசைக் கணினித் திரையை வெளியிட்டது. 22.2 அங்குலம் கொண்ட அத்திரையில் 3840×2400, அதாவது 92 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருந்தன. அடர்த்தி அங்குலத்துக்கு 204 புள்ளிகள்.

அக்கால விண்டோஸ் மென்பொருள்கள் பெரும்பாலும் அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. பொத்தான் இத்தனை புள்ளி அகலம், எழுத்து இத்தனை புள்ளி உயரம் என்று அவை வரைந்ததால், புதிய திரையில் எல்லாம் பாதிக்கும் குறைவான அளவில் சுருங்கித் தெரிந்தன. செயற்கைக்கோள் படம், மருத்துவப் படம், பொறியியல் வரைபடம் போன்று அதிகப் புள்ளிகள் கொண்ட படங்களைக் கையாண்டவர்களுக்கு அத்திரை பயன்பட்டது. பொதுப் பயனர்களை அது எட்டவில்லை. இவ்வகைத் திரைகளின் உற்பத்தி 2005 அளவில் நின்றது.

முதல் ஐபேட் (2010–2011)

2010 ஏப்ரல் 3 அன்று விற்பனைக்கு வந்த முதல் ஐபேடின் திரை 9.7 அங்குலம், பிரிதிறன் 1024×768, அடர்த்தி 132. ஐபோனுக்காக எழுதப்பட்ட செயலிகளும் அதில் இயங்கின. ஆனால் அவை திரையின் நடுவில் கைப்பேசி அளவில் சிறிதாகத் தோன்றின. அல்லது '2x' என்ற பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு புள்ளியும் நான்காகப் பெருகி, பெரிதாகவும் கரடுமுரடாகவும் தோன்றின. ஐபேடுக்கெனத் தனியே வடிவமைக்க வேண்டிய தேவை இதனால் முதல் நாளிலேயே எல்லோருக்கும் புரிந்தது. 2012 மார்ச் மாதத்துக்குள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட செயலிகள் ஐபேடுக்கென உருவாகியிருந்தன என ஆப்பிள் அறிவித்தது.

இதற்கிடையில் 2010 ஜூன் மாதம் வெளியான ஐபோன் 4, அங்குலத்துக்கு 326 புள்ளிகள் கொண்ட திரையுடன் வந்தது. விழித்திரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு அதற்கு 'ரெட்டினா திரை' என்று ஆப்பிள் பெயரிட்டது. முந்தைய ஐபோனின் 480×320 புள்ளிகள் இரு பக்கமும் சரியாக இரு மடங்காக்கப்பட்டு 960×640 ஆயின. செயலிகள் பழைய அளவுகளிலேயே திரையை அளக்கும். ஒரு பழைய அலகின் இடத்தில் இயங்குதளம் நான்கு புள்ளிகளை வைத்து வரையும். படங்களுக்கு மட்டும் இரு மடங்கு அளவுள்ள மற்றொரு கோப்பைச் செயலி உருவாக்குநர் சேர்க்க வேண்டும். கைக்கணினியிலும் இதே வழி பின்பற்றப்பட்டது.

மூன்றாம் தலைமுறை ஐபேட் (2012)

2012 மார்ச் 7 அன்று அறிவிக்கப்பட்டு, மார்ச் 16 அன்று விற்பனைக்கு வந்த மூன்றாம் தலைமுறை ஐபேடின் திரை அளவு மாறவில்லை. பிரிதிறன் மட்டும் 2048×1536 ஆனது. மொத்தப் புள்ளிகள் 7.86 இலட்சத்திலிருந்து 31.45 இலட்சமாக, அதாவது நான்கு மடங்காக உயர்ந்தன. அடர்த்தி 264. முழு உயர்தெளிவுத் தொலைக்காட்சியில் உள்ள 20.7 இலட்சம் புள்ளிகளைவிட இது அதிகம்.

இந்த உயர்வுக்குக் கருவியே ஒரு விலை கொடுத்தது. புள்ளிகள் நெருங்கினால் அவற்றின் ஊடாக வெளிவரும் ஒளி குறையும். அதனால் பின்னொளியைக் கூட்ட வேண்டும். நான்கு மடங்கு புள்ளிகளை வரைய வரைகலைச் சில்லும் கூடுதலாக உழைக்க வேண்டும். எனவே மின்கலத்தின் கொள்ளளவு ஐபேட் 2இல் இருந்த 25 வாட்-மணியிலிருந்து 42.5 வாட்-மணியாக உயர்த்தப்பட்டது. அப்படியும் ஒருமுறை மின்னேற்றினால் 10 மணி நேரம் என்ற பழைய கணக்கே நீடித்தது. தடிமன் 8.8 மில்லிமீட்டரிலிருந்து 9.4 மில்லிமீட்டராகவும், எடை 601 கிராமிலிருந்து 652 கிராமாகவும் கூடின.

புள்ளிகள் நான்கு மடங்கான போது, ஏ5எக்ஸ் சில்லில் வரைகலைக் கருக்கள் இரண்டிலிருந்து நான்காக, இரு மடங்குதான் ஆயின. கணிப்புக் கருக்கள் இரண்டாகவே இருந்தன. இந்த ஏற்றத்தாழ்வு விளையாட்டுச் செயலிகளில் வெளிப்பட்டது. அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்சூமர் ரிப்போர்ட்ஸ், மின்னேற்றிக்கொண்டே விளையாட்டை இயக்கிச் சோதித்தபோது கருவியின் வெப்பம் சுமார் 47 பாகை செல்சியசு வரை சென்றதாகப் பதிவு செய்தது. ஏழு மாதங்களில், 2012 அக்டோபரில், வேகமான ஏ6எக்ஸ் சில்லுடன் நான்காம் தலைமுறை ஐபேட் அறிவிக்கப்பட்டு, மூன்றாம் தலைமுறையின் விற்பனை நிறுத்தப்பட்டது.

செயலிகளின் நிலை

எழுத்து: எழுத்துருக்கள் புள்ளிகளாக அல்லாமல் வளைகோடுகளின் கணக்காகச் சேமிக்கப்படுகின்றன. எந்தத் திரையிலும் அவற்றைப் புதிதாக வரைந்துகொள்ளலாம். எனவே இயங்குதளத்தின் எழுத்து வசதியைப் பயன்படுத்திய மின்னஞ்சல், குறிப்பேடு, மின்னூல், இணைய உலாவி ஆகிய செயலிகளில் உருவாக்குநர் எதுவும் செய்யாமலே எழுத்து தெளிவடைந்தது. நெடுநேரம் படிப்பவர்களுக்கு உயர் பிரிதிறன் அளித்த முதன்மையான பயன் இதுவே.

ஒளிப்படம்: 50 இலட்சம் புள்ளிகள் கொண்ட எளிய கேமராப் படம்கூட 31 இலட்சம் புள்ளிகள் கொண்ட திரையைவிட நுணுக்கமானது. ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்த ஒளிப்படங்கள் புதிய திரைக்காகக் காத்திருந்தன எனலாம். அவையும் உடனே தெளிவடைந்தன.

சின்னங்களும் பொத்தான்களும்: பழைய அளவில் வரையப்பட்ட சின்னத்தின் ஒவ்வொரு புள்ளியும் நான்கு புள்ளிகளாக விரிக்கப்பட்டது. கணக்குப்படி பார்த்தால் அது முந்தைய திரையில் தெரிந்த அளவு தெளிவுடன்தான் இருந்தது. ஆனால் பக்கத்திலேயே எழுத்து கூர்மையாக நின்றதால் சின்னம் மங்கியதுபோலத் தோன்றியது. இதைச் சரிசெய்யச் செயலியில் உள்ள எல்லாப் படங்களையும் மீண்டும் வரைய வேண்டியிருந்தது. பெரிய நிறுவனங்கள் சில வாரங்களில் செய்தன. தனியொருவராக உழைத்த உருவாக்குநர்களுக்கு இது பெருஞ்சுமை.

இதழ்கள்: அதிகம் தடுமாறியவை இதழ்ச் செயலிகள். பல அச்சிதழ்கள் தம் பக்கங்களை எழுத்தாக அல்லாமல் முழுப் படமாகவே ஐபேடுக்கு அனுப்பின. 2010இல் வெளியான வயர்டு இதழின் முதல் ஐபேட் பதிப்பு சுமார் 500 மெகாபைட் அளவு இருந்தது. பக்கமே படமாக இருந்ததால், புதிய திரையில் படிக்க வேண்டிய எழுத்தே மங்கலாகத் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கினால் ஏற்கெனவே பெரிதாக இருந்த கோப்பு மேலும் பெருகியது. பக்கங்களை பிடிஎஃப் போன்ற வடிவுக்கு மாற்றி, எழுத்தை எழுத்தாகவே அனுப்புவதே பொருத்தமான தீர்வாக அமைந்தது.

விளையாட்டு: முப்பரிமாண விளையாட்டுகள் சிலவற்றில் காட்சி, திரையின் முழுப் பிரிதிறனைவிடக் குறைந்த அளவில் உருவாக்கப்பட்டுப் பின்னர் விரித்துக் காட்டப்பட்டது. புள்ளிகளைக் குறைத்தால்தான் அசைவு தடையின்றி ஓடியது.

இணையதளம்: இணையப் பக்கங்களிலும் எழுத்து தெளிவாகவும், நிறுவனச் சின்னமும் படங்களும் மங்கலாகவும் தெரிந்தன. எல்லோருக்கும் பெரிய படத்தை அனுப்பினால் சாதாரணத் திரை வைத்திருப்பவரின் தரவு வீணாகும். திரைக்கேற்ற படத்தை உலாவியே தேர்ந்தெடுக்கும் முறை குறித்து 2012இல் தீவிரமான விவாதம் நடந்தது. அதற்கான குறிமுறைகள் 2014 முதல் உலாவிகளில் வரத் தொடங்கின.

செலவு யார் மீது விழுந்தது

ஐபேட், ஐபேட் 2, புதிய ஐபேட் ஆகிய அனைத்துக்கும் ஒரே செயலிக் கோப்பே அனுப்பப்பட்டது. அதனால் பெரிய படங்களைக் காட்ட இயலாத பழைய திரை வைத்திருந்தவரும் அவற்றைப் பதிவிறக்க வேண்டியிருந்தது. ஐபோனுக்கும் ஐபேடுக்கும் பொதுவாக அமைந்த செயலிகளில், ஐபேடுக்கான படங்களை ஐபோன் பயனரும் சுமந்தார். அடிப்படை மாதிரியின் சேமிப்பிடம் 16 கிகாபைட் மட்டுமே என்பதால் இது சிறிய தொல்லை அன்று. கைப்பேசி இணைப்பு வழியாகப் பதிவிறக்கக்கூடிய செயலியின் உச்ச அளவை ஆப்பிள் 2012 மார்ச் மாதத்தில் 20 மெகாபைட்டிலிருந்து 50 மெகாபைட்டாக உயர்த்தியது.

இந்த நிலை 2015இல் ஐஓஎஸ் 9 வந்தபோது மாறத் தொடங்கியது. ஒவ்வொரு கருவிக்கும் தேவையான படங்களை மட்டும் அனுப்பும் முறை அப்போது அறிமுகமானது. ஆண்ட்ராய்டில் இதே நோக்கம் கொண்ட முறையைக் கூகுள் 2018இல் அறிவித்தது. 2021 ஆகஸ்ட் முதல் புதிய செயலிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அதாவது, உயர் பிரிதிறன் திரையை வாங்காதவர்களும் அதன் செலவில் ஒரு பகுதியைச் சில ஆண்டுகள் சுமந்தனர்.

ஆண்ட்ராய்டு: தலைகீழான சிக்கல்

ஆண்ட்ராய்டு கருவிகளைப் பல நிறுவனங்கள் பல அளவுகளில் செய்ததால், அதன் இயங்குதளம் தொடக்கத்திலேயே வேறு வழியை எடுத்தது. 2009இல் வந்த ஆண்ட்ராய்டு 1.6 பல்வகைத் திரைகளுக்கான ஆதரவைக் கொண்டுவந்தது. அங்குலத்துக்கு 160 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு புள்ளியின் அளவை ஓர் அலகாகக் கொண்டு செயலிகள் வரையப்படும். 160, 240, 320 என அடர்த்தி வகைகள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிப் படங்கள் வைக்கப்படும்.

நெக்சஸ் 10 கைக்கணினியின் பிரிதிறன் 2560×1600. அடர்த்தி சுமார் 300. அது 320 என்ற வகையில் சேர்ந்தது. அந்த வகையில் பல கைப்பேசிகள் ஏற்கெனவே இருந்ததால், அவற்றுக்காக வரைந்த கூர்மையான சின்னங்கள் நெக்சஸ் 10க்கும் அப்படியே பயன்பட்டன. ஆகவே தெளிவு அங்கே பெரிய சிக்கலாக இல்லை.

சிக்கல் இடத்தைப் பயன்படுத்துவதில் இருந்தது. அக்காலக் கைப்பேசித் திரை ஒன்றின் அகலம் 360 அலகுகள். நெக்சஸ் 10 திரையைப் படுக்கைவாக்கில் வைத்தால் அகலம் 1280 அலகுகள். கைப்பேசிக்காக எழுதிய செயலி அவ்வளவு அகலத்துக்கும் இழுபட்டபோது, இடது ஓரத்தில் சில சொற்களும் மீதி முழுவதும் வெற்றிடமுமாகக் காட்சியளித்தது. 2012 மார்ச் ஐபேட் அறிமுக விழாவில் ஆப்பிள் தலைவர் டிம் குக், ட்விட்டர், யெல்ப் ஆகிய செயலிகள் ஆண்ட்ராய்டு கைக்கணினியில் இவ்வாறு இழுபட்டுத் தெரிவதைத் திரையிட்டுக் காட்டினார்.

திரையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பக்கம் பட்டியலும் மறுபக்கம் விவரமும் காட்டும் வசதி 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0இலேயே இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்துமாறு உருவாக்குநர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஐபேடில் கைப்பேசிச் செயலி அழகின்றித் தெரிந்ததால் தனி வடிவமைப்பு தேவைப்பட்டது. ஆண்ட்ராய்டில் அது 'ஓரளவு சரியாகவே' இயங்கியதால் பலர் அத்துடன் நிறுத்திக்கொண்டனர். கைக்கணினிச் செயலிகளுக்கான தர வரையறைப் பட்டியல் ஒன்றைக் கூகுள் 2012 அக்டோபரில் வெளியிட்டது.

சுருங்கச் சொன்னால், ஐபேடில் இடத்தைப் பயன்படுத்தும் அமைப்பு முன்பே தயாராக இருந்தது, தெளிவு பின்னர் வந்தது. ஆண்ட்ராய்டில் தெளிவு முன்பே தயாராக இருந்தது, இடத்தைப் பயன்படுத்தும் அமைப்பு பின்தங்கியது.

விண்டோஸ்

2013 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் புரோ, 10.6 அங்குலத் திரையில் 1920×1080 புள்ளிகளைக் கொண்டிருந்தது. விண்டோஸ் 8க்கெனப் புதிதாக எழுதிய செயலிகள் திரைக்கேற்பத் தம்மைப் பெரிதாக்கிக்கொண்டன. பழைய மேசைக்கணினி மென்பொருள்களோ மங்கலாக விரிந்தன, அல்லது விரல் நுனியால் தொட முடியாத அளவுக்குச் சிறிய பொத்தான்களைக் காட்டின. ஐபிஎம் டி220 சந்தித்த அதே சிக்கல் பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்துத் திரும்ப வந்தது.

கட்டாயமும் காலமும்

2013 மே 1 முதல், ஆப்பிள் கடைக்கு அனுப்பப்படும் புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் ரெட்டினா திரைக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு வெளியான இரண்டாம் ஐபேட் மினி (அடர்த்தி 326), புதிய நெக்சஸ் 7 (323), அமேசானின் 8.9 அங்குலக் கிண்டில் ஃபயர் எச்டிஎக்ஸ் (339) ஆகியவை உயர் பிரிதிறனை வழக்கமான ஒன்றாக்கின. இதன்பின் தெளிவு பற்றிய குறை பெரும்பாலும் மறைந்தது.

பக்க அமைப்பு பற்றிய குறை மறையவில்லை. 2015 நவம்பரில் 12.9 அங்குல ஐபேட் புரோ 2732×2048 புள்ளிகளுடன் வந்தபோது, புதுப்பிக்கப்படாத செயலிகள் பழைய அமைப்பையே பெரிதாக்கிக் காட்டின. விசைப்பலகைகூடப் பெருத்துத் தெரிந்தது. ஐபேட் விற்பனைக்கு வந்த அதே 2010இல் தொடங்கிய இன்ஸ்டாகிராம், ஐபேடுக்கான தனிச் செயலியை 2025 செப்டம்பரில்தான் வெளியிட்டது. வாட்ஸ்அப் 2025 மே மாதம் வெளியிட்டது. ஆப்பிள் நிறுவனமே தன் கணிப்பான் செயலியை 2024இல்தான் ஐபேடில் சேர்த்தது. ஆண்ட்ராய்டில், பெரிய திரைகளுக்கென 12எல் என்ற பதிப்பு 2022 மார்ச்சில் வந்தது. தன் சொந்தச் செயலிகளில் 20க்கும் மேற்பட்டவற்றைக் கைக்கணினிக்கு ஏற்ப மாற்றப்போவதாகக் கூகுள் அவ்வாண்டு அறிவித்தது.

மதிப்பீடு

பிரிதிறன் என்பது திரையின் ஆற்றல். அதன் பயன் செயலியைப் பொறுத்தது. படிப்பதற்காகக் கைக்கணினி வாங்குபவருக்கு உயர் அடர்த்தி உண்மையான நன்மை தருகிறது. பாடநூலின் சிறிய எழுத்தும், வரைபடத்தின் மெல்லிய கோடும் கண்ணுக்குச் சுமையின்றித் தெரிகின்றன. ஆனால் பெட்டியின் மீது அச்சிட்ட புள்ளிக் கணக்கு மட்டும் அதற்கு உறுதி அளிப்பதில்லை. ஒரு செயலி திரையைப் பயன்படுத்துகிறதா என்பதை மூன்று எளிய சோதனைகளால் அறியலாம். பக்கத்தைப் பெரிதாக்கும்போது எழுத்து கூர்மையாகவே இருக்கிறதா என்று பார்க்கலாம்; மங்கினால் அது எழுத்தன்று, படம். கருவியைப் படுக்கைவாக்கில் திருப்பும்போது பக்கம் புதிதாக அடுக்கப்படுகிறதா, வெறுமனே இழுபடுகிறதா என்று பார்க்கலாம். கைப்பேசியில் இரண்டு திரைகளாக வருவது கைக்கணினியில் ஒரே திரையில் அருகருகே வருகிறதா என்றும் பார்க்கலாம்.

கண்ணுக்குப் போதுமான அளவை எட்டியபின் அடர்த்தியைக் கூட்டும் போட்டியும் தணிந்தது. ஆப்பிள் 2024இல் வெளியிட்ட 13 அங்குல ஐபேட் புரோவின் அடர்த்தி, 2012இல் இருந்த அதே 264 ஆகும். நிறத் தரம், வினாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் வேகம் ஆகியவற்றின் பக்கம் கவனம் திரும்பியது. கூகுள் 2023இல் வெளியிட்ட பிக்சல் டேப்லெட்டின் பிரிதிறன் 2560×1600. பத்தாண்டுகளுக்கு முன் நெக்சஸ் 10 கொண்டிருந்ததும் இதே எண்ணிக்கைதான். அந்தப் பத்தாண்டுகளில் மாற வேண்டியிருந்தவை திரைகளைவிடச் செயலிகளே.